வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு மட்டும் கணவன்

என் பெயர் மெராப். பிறந்தது ஜார்ஜியா நாட்டில், குட்டைசி என்ற ஊரில். இப்போது குப்பை கொட்டுவது பின்லாந்தில், கோவோலா என்ற ஊரில். கோவோலாவில் இருக்கிறேன் என்று பின்லாந்துக்காரர்களிடம் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு "ஏன்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கான்கிரீட் கட்டடங்களும் ஒரு ரயில் சந்திப்பும் சேர்ந்ததுதான் ஊர். அங்கே ஒரு பராமரிப்பு நிறுவனத்தில் நான் பகுதி நேர ஆள். குளிர்காலத்தில் குடியிருப்பு முற்றங்களில் பனி தள்ளுவேன், யாரும் வழுக்கி விழாமல் இருக்கப் பொடிக்கல் தூவுவேன். கோடையில் புல் வெட்டுவேன். இங்கே கோடை வந்ததும் தெரியாது போனதும் தெரியாது என்பதால் அந்தச் சம்பளமும் அப்படித்தான்.

ஊரில் நான் பெரிய ஆள். எங்கள் பக்கத்தில் கோப்பையைக் கையில் எடுத்தவன் சும்மா குடித்துவிட முடியாது. ஒருவன் எழுந்து நின்று தாய்நாட்டுக்கு, இறந்தவர்களுக்கு, பெண் வீட்டாருக்கு, பிடிக்காதவனுக்கு என்று ஒவ்வொருவருக்கும் வாழ்த்துச் சொல்லி முடித்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தொண்டை நனையும். கல்யாண விருந்துகளில் அந்த ஒருவன் நான். பாதி வாழ்த்திலேயே ஆட்டுக்கறி ஆறிப்போகும் என்று புகார் உண்டு. பகலில் சுற்றுலா வேன் ஓட்டுவேன். அங்கேயும் வாய்தான் ஓடும், வேன் அதன் பின்னால் வரும்.

அந்த வேனில்தான் கிர்சி ஏறினாள். மூன்று நாள் மலைப் பயணம். மூன்று நாளும் நான் பேசினேன். அவள் ஒரு வார்த்தை பேசாமல் எனக்கு நேர் பின்சீட்டில் உட்கார்ந்து என் பின்னந்தலையையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்ட பெண் இந்த உலகத்தில் இல்லை என்று உருகிப்போனேன். இறங்கும்போது "கோவோலாவுக்கு வா" என்றாள். வந்துவிட்டேன். கல்யாணமாகி வெகுநாள் கழித்து ஒருமுறை ஆசையாகக் கேட்டேன்.

"அன்னைக்கு வேன்ல என்னையே பார்த்துட்டு வந்தியே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. மலை வளைவுல எனக்கு வாந்தி வந்துச்சு. ஒரே இடத்தைப் பார்த்துட்டே இருந்தா அடங்கும்னு அம்மா சொல்வாங்க."

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நான் மூன்று வருஷத்துக்கு மேல் விருந்தாளியாக இருந்தேன். வீடு கிர்சியுடையது, கட்டடத்தின் பி படிக்கட்டில்; இங்கே ஒரே கட்டடத்துக்கு ஏ, பி, சி என்று தனித்தனி வாசலும் படிக்கட்டும் உண்டு. கதவில் அவள் குடும்பப் பெயர். என் வசிப்பு அனுமதி அட்டைக்குக் காரணம் அவள். மாமனார் விட்டுப்போன ரப்பர் செருப்புதான் என் காலுக்கு. இந்த நாட்டில் நான் யார் என்று யாராவது கேட்டால் "கிர்சியின் புருஷன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். என் வாழ்நாளில் நான் சொன்ன மிகச் சின்ன உரை அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காபி குடித்துக்கொண்டிருந்தபோது கிர்சி, "மெராப், இது போதும்னு தோணுது" என்றாள். நான் காபியைச் சொல்கிறாள் என்று நினைத்துக் கெட்டிலை மூடி வைத்தேன். அவள் பொறுமையாக மறுபடியும் சொன்னாள்.

"நீ கெட்டவன் இல்ல. ஆனா நீ வீட்ல இருந்தா எனக்கு ஒரே சத்தமா இருக்கு. நீ வெளிய போனாலும் அந்தச் சத்தம் காதுலயே நிக்குது."

நான் எழுந்து பதில் சொன்னேன். நீண்ட பதில். நடுவில் என் முன்னோர்கள்கூட வந்தார்கள். முடித்தபோது அவள், "பார்த்தியா?" என்றாள். அதோடு கல்யாணம் முடிந்தது.

சண்டை இல்லை, தட்டு உடையவில்லை. விவாகரத்து மனு போட்டாலும் யோசித்துப் பார்க்க ஆறு மாதம் தரும் தேசம் இது. அந்த அவகாசத்தில் அதே கட்டடத்தின் சி படிக்கட்டில் ஓர் ஒற்றை அறை வாடகைக்குக் கிடைத்தது. ஜனவரி மாதம், நல்ல காற்று. மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு பி படிக்கட்டிலிருந்து சி படிக்கட்டுக்கு முற்றத்தைக் கடந்தேன். எங்கள் ஊராக இருந்தால் முதல் பத்தடிக்குள் நாலு பேர் மறித்து, யார் விட்டது, ஏன் விட்டாள், மெத்தை யார் வாங்கியது என்று விசாரித்திருப்பார்கள். இங்கே ஒரு ஜன்னல் திறக்கவில்லை. நல்லவேளை, ஒருவரும் பார்க்கவில்லை என்று நிம்மதியாக மூச்சு விட்டேன்.

எல்லாம் பிரித்தாயிற்று. ஒன்றை மட்டும் பிரிக்க முடியவில்லை. அது எங்கள் சௌனா முறை.

கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு சௌனா உண்டு. பழுக்கக் காய்ந்த கல்லில் தண்ணீர் ஊற்றி, எழும் ஆவியில் மரப்பலகை மேல் உட்கார்ந்து வியர்க்கும் அறை. வாரத்தில் ஒரு மணி நேரம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கியிருக்கும். செவ்வாய் மதியம் யாருக்கு வேண்டுமானாலும் கிடைக்கும். வெள்ளி, சனி மாலை முறைகள் அப்படி இல்லை. அதற்குக் காத்திருந்து காத்திருந்து செத்துப்போனவர்கள் உண்டு. கிர்சியின் பெற்றோர் காலத்திலிருந்து அவள் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை ஏழு மணி. குடியிருப்போர் சங்கத் தலைவர் தௌனோ, ஓய்வுபெற்ற ரயில்வே சிக்னல்காரர், தன் கையால் பென்சிலில் எழுதி அடித்தளக் கதவில் ஒட்டிய அட்டவணைதான் இதற்கு வேதம். அதில் ஒரு விதி: வெள்ளி, சனி மாலை ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்பவர்களுக்கு, தனி ஆட்களுக்கு மற்ற நாட்கள். ஏ படிக்கட்டில் ரைலி என்று ஓர் அம்மாள் இருந்தார். கணவர் இறந்து அடக்கம் முடிந்த வாரமே கைத்தடியை ஊன்றிக்கொண்டு தௌனோ வீட்டுக் கதவைத் தட்டி, "இனிமே நான் ஒருத்திதான், சனிக்கிழமையை எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வந்தவர். அப்படிப்பட்ட நேர்மை இந்தக் கட்டடத்தில் ஊறிக் கிடந்தது.

நாங்கள் இருவரும் அரசாங்கத்திடம் எல்லாவற்றையும் சொன்னோம். நீதிமன்றத்துக்குச் சொன்னோம், முகவரி மாற்றத்தைப் பதிவு செய்தோம். தௌனோவிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. நானாவது சரி, ஊர் பேர் தெரியாதவன். பஸ்ஸில் டிக்கெட் எடுக்க மறந்தால் மறுநாள் போய்க் காசு கட்டும் கிர்சியே வாயைத் திறக்கவில்லை. அரைமணி எனக்கு, அரைமணி அவளுக்கு. ஏழரைக்கு நான் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வருவேன், அவள் உடைமாற்றும் அறைப் பெஞ்சில் காத்திருப்பாள். "சூடு எப்படி?" "நல்லா இருக்கு." அவ்வளவுதான் பேச்சு. மூன்று வருஷத் தாம்பத்தியத்தில் நாங்கள் இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை.

வசந்தத்தில் கடிதம் வந்தது. என் அனுமதி முடியப்போகிறது. கொடுத்த காரணம், அதாவது கிர்சி, இப்போது இல்லை. இந்த நாட்டில் தொடர்ந்து தங்க வேறு என்ன பிணைப்பு இருக்கிறது என்று தெரிவிக்கவும். பகுதி நேரப் பனித் தள்ளலை வைத்து வேலை அனுமதி வாங்க முடியாது. குட்டைசியில் இருக்கும் என் அக்கா தோதோவுக்குப் போன் செய்தேன்.

"டேய், கிளம்பி வந்துடு. ஹாலுல சோபா காலியாத்தான் கெடக்கு" என்றாள்.

"எனக்கு வர மனசு இல்லக்கா."

"பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல, பனி அள்ளுறதுக்கு ஒரு மண்வெட்டி. அங்க உனக்கு என்னடா இருக்கு?"

"வெள்ளிக்கிழமை ஏழு மணி இருக்கு."

"என்னது?"

எப்படிச் சொல்வது? விடியுமுன் முற்றத்தில் விளக்கடியில் நான் மட்டும் நின்று பனி தள்ளும்போது யாரிடமும் எதுவும் பேச வேண்டாம். பேசாமல் இருப்பது ஒரு சுகம் என்பதை நாற்பத்தாறு வயதில் கண்டுபிடித்தவன் நான். கண்டுபிடித்தபோது விவாகரத்து மனு நீதிமன்றத்தில் இருந்தது. திரும்பிப் போனால் மறுபடியும் வாயைத் திறக்க வேண்டும், அதுவும் அக்காவின் சோபாவில் உட்கார்ந்துகொண்டு. எனக்குப் போகவே மனமில்லை.

நூலகத்தை ஒட்டிய ஓர் அறையில் குடியேறியவர்களுக்கு இலவச ஆலோசனை உண்டு. அங்கே ஹோதான் என்று ஒரு சோமாலியப் பெண். இங்கேயே வளர்ந்து சட்டம் படித்தவள். என் தாள்களைப் புரட்டினாள்.

"முதல்ல வீட்டு வாடகை உதவித்தொகைக்கு எழுதிப் போடுங்கண்ணே. உங்க சம்பளத்துக்கு அது கிடைக்கும்."

"வேண்டாம்மா. விருந்தாளி வீட்டுக்காரன்கிட்ட காசு கேக்குறது எங்க ஊர்ல வழக்கம் இல்ல."

"யாரு விருந்தாளி? சம்பளத்துல வரி பிடிக்கிறாங்களா இல்லையா?"

"பிடிக்கிறாங்க."

"விருந்தாளிக்கு எவனாவது சாப்பாட்டு பில்லு போடுவானா?"

நான் வாயடைத்துப்போனேன். இது அடிக்கடி நடப்பதில்லை.

"அந்த உதவியை வாங்கினா அனுமதி போயிடும்னு..."

"யாரு சொன்னா?"

"பஸ் ஸ்டாப்புல ஒருத்தர்."

"பஸ் ஸ்டாப்பு வக்கீலு! உங்க கேஸுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. இப்போ நல்லாக் கேட்டுக்கோங்க. உதவித்தொகை ஆபீஸு கேக்குறது, 'அவ உன்னை நெசமாவே விட்டுட்டாளா?' குடியேற்ற ஆபீஸு கேக்குறது, 'அவ விட்ட பிறகும் உன்னைப் பிடிச்சு வெச்சுக்க இங்க யாராவது இருக்காங்களா?' அங்க நீங்க தனி ஆளு. இங்க நீங்க தனி ஆளு இல்ல. ரெண்டையும் நிரூபிக்கணும்."

"ரெண்டும் எப்படிம்மா ஒரே நேரத்துல உண்மையா இருக்கும்?"

"அதைப் பார்க்கத்தானே எனக்குச் சம்பளம்."

உதவித்தொகை விண்ணப்பத்தை நானே நிரப்புகிறேன் என்றேன். அங்கேதான் சனி பிடித்தது. நேர்மையில் நானும் இந்த ஊர்க்காரன்தான் என்று காட்ட ஆசை. மாதச் செலவுகள் என்ற இடத்தில் வாடகை, மின்சாரம், உருளைக்கிழங்கு வரை எழுதிவிட்டு, கடைசி வரியில் பெருமையாகச் சேர்த்தேன்: "சௌனா கட்டணத்தில் பாதி, கிர்சிக்கு."

பதில் வந்தது. பிரிந்து வாழ்வதாகச் சொல்லும் மனைவியுடன் உங்களுக்குப் பொதுச் செலவு இருப்பது ஏன் என்று விளக்கவும்.

ஹோதானிடம் காட்டியிருக்கலாம். எழுத்தில் வாழ்த்துச் சொல்ல இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு என்பதால் காட்டவில்லை. அகராதியை வைத்துக்கொண்டு மூன்று பக்கம் எழுதினேன். அதில் கொஞ்சம்:

"மதிப்பிற்குரிய அலுவலகத்தாரே, கிர்சி என்ற பெண்மணியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கோவோலாவில் அவளைப் போல் நேர்மையான பெண் பிறந்ததில்லை. அவளைப் பெற்றவர்கள் நூறாண்டு வாழ்க. அவள் என்னைப் பிரிந்தது என் வாயால். அவளிடம் ஒரு குறையும் இல்லை. அவள் வீட்டுச் சுவர் என்றும் சூடாக இருக்கட்டும். என் உடலில் மூச்சு உள்ளவரை அவளுக்காகக் கோப்பை உயர்த்துவேன்."

அவளைப் பெற்றவர்கள் இருவரும் போய்ச்சேர்ந்து பல வருஷமாகிறது. வாழ்த்தில் அதையெல்லாம் பார்ப்பதில்லை. எங்கள் ஊரில் பகையாளிக்கே இதைவிடப் பெரிதாகச் சொல்வோம்.

பதில் இரண்டு வரியில் வந்தது. உங்கள் விளக்கத்தைப் படித்தபோது உறவு முடிந்துவிட்டதாகத் தெரியவில்லை. தனித்தனியாக வாழ்கிறீர்கள் என்பதற்குக் குடியிருப்போர் சங்கத்தின் சான்று இணைக்கவும்.

ஹோதான் என் மூன்று பக்கத்தையும் படித்துவிட்டு நெற்றியில் கை வைத்தாள்.

"அண்ணே, என் வீட்டுக்காரர் இதுல ஒரு பக்கம் எழுதினா நான் இன்னொரு புள்ள பெத்துக் குடுத்துருவேன். இது பிரிஞ்சவன் எழுதுற லெட்டரா? போங்க, சங்கத் தலைவர்கிட்ட சான்று வாங்குங்க. அப்படியே உங்களைத் தெரியும்னு நாலு வரி எழுதச் சொல்லுங்க, அது குடியேற்ற ஆபீஸுக்கு."

"தலைவர்கிட்டயா?"

"ஏன், சண்டையா?"

"இல்லம்மா. சொன்னா வெள்ளிக்கிழமை போயிடும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இங்கேயே வளர்ந்தவள் என்பதால் சிரிக்கவில்லை.

நாடே போகப்போகிறது, இவன் குளியலுக்கு அழுகிறான் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனாலும் இரண்டு வாரம் தௌனோவைப் பார்த்தால் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்தேன். காரணம் எனக்கே தெரியும். அந்த அட்டவணையில் மட்டும்தான் நான் இன்னும் யாருக்கோ ஏதோவாக இருந்தேன். வெள்ளிக்கிழமை ஏழு மணியிலிருந்து ஏழரை வரை.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை ஏழரைக்கு வெளியே வந்து, பெஞ்சில் இருந்த கிர்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். சுருக்கமாகச் சொன்னேன், எனக்கே ஆச்சரியம்.

"தௌனோகிட்ட சொன்னா உனக்கும் வெள்ளிக்கிழமை போயிடும் கிர்சி. உங்க அப்பா காலத்து முறை."

அவள் கையிலிருந்த தண்ணீர் வாளியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சொல்லிடு" என்றாள். "வெறும் சௌனாதானே."

இந்த நாட்டில் அந்த வாக்கியத்தை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகும் துண்டோடு அங்கேயே நின்றேன். இவளுக்கு என்மேல் அன்பு இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. புருஷனாக இருந்த காலத்தில் நான் பேசிக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை.

மறுநாள் தௌனோ அடித்தளத்தில் உட்கார்ந்து சௌனா அடுப்புக்குப் புதுக் கல் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்டை வீட்டார் என்பவர்கள்..." என்று ஆரம்பித்தேன்.

"விஷயத்துக்கு வா."

"கிர்சியும் நானும் பிரிஞ்சுட்டோம்."

அவர் ஒரு கல்லை வைத்தார். இன்னொரு கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தெரியும்."

"எப்போ இருந்து?"

"ஜனவரியில மெத்தையைத் தூக்கிட்டு முற்றத்தைக் கடந்தியே, அப்போ இருந்து."

"யாரும் பார்க்கலைன்னு நினைச்சேன்!"

"மொத்தக் கட்டடமும் பார்த்துச்சு. காத்துல ரெண்டு தடவை விழுந்தே."

"அப்புறம் ஏன் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேக்க என்ன இருக்கு? அதான் மெத்தை தெரிஞ்சுதே."

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"தெரிஞ்சும் அட்டவணையில எங்க பெயரை ஏன் விட்டு வெச்சீங்க?"

தௌனோவுக்கு இந்தக் கேள்வி பிடிக்கவில்லை. விதி மீறியதை விளக்க வேண்டிய நிலை அவருக்கு வாழ்க்கையில் வந்திருக்காது. கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அழிக்கத்தான் போனேன். ரப்பரை எடுத்துட்டுப் போனேன். கதவுகிட்ட ரைலி நின்னுட்டு இருந்தாங்க. 'விட்டுடு தௌனோ, அவனுக்குன்னு இந்த ஊர்ல வேற என்ன இருக்கு'ன்னாங்க. சரின்னு திரும்பி வந்துட்டேன்."

ரைலி அம்மாள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. எதிரே வந்தால் தலையை அரை அங்குலம் அசைப்பார். ஏ படிக்கட்டு வாசலில் நான் இரண்டு கை பொடிக்கல் கூடுதலாகப் போடுவது உண்மைதான், ஆனால் அது கருணையால் அல்ல. கைத்தடிக்காரர் விழுந்தால் என் வேலை போய்விடும் என்ற பயத்தால். தன் சனிக்கிழமையைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர். எங்கள் திருட்டு வெள்ளிக்கிழமையைப் பற்றிப் புகார் சொல்ல இந்தக் கட்டடத்தில் அவரைவிட உரிமை உள்ளவர் யாரும் இல்லை. முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தௌனோ சங்கடப்பட்டு, "அந்தப் பெரிய கல்லை எடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன். சான்று எழுதித் தருவதாகவும், எழுதிவிட்டால் விதிப்படிதான் நடக்கும் என்றும் சொன்னார். தலையாட்டினேன்.

இலையுதிர் காலத்தில் குடியேற்ற அலுவலகத்தில் நேர்காணல். ஹோதான் பக்கத்தில் உட்கார்ந்தாள், உரை ஆற்ற ஆரம்பித்தால் காலை மிதிப்பேன் என்ற எச்சரிக்கையோடு. மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் இருந்தார். அதிகாரி கண்ணாடி போட்ட நடுவயதுப் பெண். வேலைக் கடிதம், மொழி வகுப்புச் சான்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, தௌனோவின் தாளை எடுத்து உரக்கப் படித்தார்.

"மெராப் சி படிக்கட்டில் தனியாக வசிக்கிறான். பொடிக்கல் சரியாகத் தூவுகிறான். அவன் வந்த பிறகு எங்கள் முற்றத்தில் அவனைத் தவிர யாரும் விழவில்லை. வெள்ளிக்கிழமை ஏழு மணி சௌனா முறையை ஒழுங்காகப் பயன்படுத்தினான். பலகையைத் துடைத்துவிட்டுப் போவான். நிறையப் பேசுவான். பழகிவிட்டது."

அவ்வளவுதான். உற்ற நண்பன், உயர்ந்த உள்ளம் என்று ஏதாவது இருக்கும் என்று காத்திருந்தேன். 'பழகிவிட்டது' என்பதோடு கையெழுத்து வந்துவிட்டது. என் முகம் சுருங்கியதை ஹோதான் பார்த்துவிட்டாள்.

"அண்ணே, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதீங்க" என்று காதோரம் சொன்னாள். "எங்க அப்பா இங்க முப்பது வருஷம் இருந்தாரு. அவருக்கு யாரும் இவ்ளோ எழுதினது இல்ல."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"வெள்ளிக்கிழமை ஏழு மணியா?"

"ஆமாம்."

"அதை நீங்களா விட்டுக் குடுத்தீங்க?"

"சான்று வேணும்னா விட்டுத்தான் ஆகணும். நானும் கிர்சியும்."

அவர் தாளைக் கீழே வைத்தார். "எங்க கட்டடத்துல எனக்கு ஞாயித்துக்கிழமை ஒன்பதரைதான் கிடைச்சிருக்கு" என்றார். மொழிபெயர்ப்பாளர் அதையும் மொழிபெயர்த்தார்.

அனுமதி கிடைத்தது. முடிவில் தங்கிய காலம், வேலை, மொழி, இங்கே வேரூன்றிய வாழ்க்கை என்றெல்லாம் காரணம் எழுதியிருந்தார்கள். சௌனாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. அரசாங்கத்துக்கும் கூச்சம் இருக்கும். வாடகை உதவியும் வந்தது. அக்காவிடம் சொன்னேன். "அப்போ சோபாவை வித்துடவா?" என்று கேட்டுவிட்டு, மூக்கை உறிஞ்சினாள்.

தௌனோ விதிப்படி செய்தார். வெள்ளிக்கிழமை ஏழு மணி ஏ படிக்கட்டின் இளம் தம்பதிக்குப் போனது. கிர்சிக்கு வியாழன் ஆறு. எனக்கு யாரும் சீண்டாத செவ்வாய் நான்கு. முதல் செவ்வாய் துண்டோடு கீழே இறங்கி அட்டவணையைப் பார்த்தேன். செவ்வாய் நான்குக்கு நேரே "மெராப்" என்று இருந்தது. முன்னால் கிர்சி இல்லை, பக்கத்தில் யாரும் இல்லை. இந்த நாட்டில் என் பெயர் துணையில்லாமல் நின்று நான் பார்த்தது அதுதான் முதல்முறை. கொஞ்சம் மெலிந்து தெரிந்தது.

நான்கரை ஆனதும் பழக்கதோஷத்தில் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கிர்சி வருவாள், "சூடு எப்படி?" என்பாள் என்று உட்கார்ந்திருந்தேன். வேர்வை ஆறிக் குளிர் எடுத்த பிறகுதான் புரிந்தது, அவள் வரமாட்டாள். இனி முழு மணியும் எனக்குத்தான். எழுந்து மறுபடியும் உள்ளே போனேன்.

உள்ளே யாரும் இல்லை, ஆவி இருந்தது, தண்ணீர் மொள்ளும் மரக்கரண்டி கையில் இருந்தது. என்னால் வேறென்ன செய்ய முடியும்? கரண்டியை உயர்த்தி கிர்சிக்கு ஒரு வாழ்த்துச் சொன்னேன். அடுத்து தௌனோவுக்கு. ஹோதானுக்கு, அவள் வீட்டுக்காரருக்கு, ஞாயிறு ஒன்பதரை அதிகாரிக்கு, மெத்தைக்கு. ரைலி அம்மாளின் வாழ்த்தில் அவர் தாத்தா பாட்டி வரை போய்க்கொண்டிருந்தபோது கதவில் இடி விழுந்தது. கைத்தடி.

"ஏம்ப்பா! மணி அஞ்சு தாண்டியாச்சு! இது என்னோட முறை. பேசுறதை உன் வீட்ல போய்ப் பேசு!"

அதுதான் ரைலி அம்மாள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. எங்கள் ஊரில் விருந்தாளியிடம் நேரமாகிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவன் விடிய விடியப் பேசினாலும் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு கேட்பார்கள். துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடித்துப் பிடித்து வெளியே வந்தேன்.

"மன்னிச்சுடுங்கம்மா."

அவர் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பலகையைத் துடைச்சியா?"

"இல்ல."

"போய்த் துடை."

எந்த ஊரில் விருந்தாளியைப் பலகை துடைக்கச் சொல்வார்கள்? உள்ளே போய் இரண்டு தடவை துடைத்தேன்.